வேர்முடிச்சு இல்லை, இலை மஞ்சள்: யூரியா போடலாமா? (அவசரம்)

செம்மண்காடு: ரைசோபியம் (வேரில் முடிச்சு போட்டு, காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குத் தரும் பாக்டீரியா) கலந்துதான் விதைத்தேன். செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சே இல்லை. இலையும் மஞ்சள். நாளைக்கே யூரியா போட்டுவிடவா?

மேட்டுவயல்: என்ன பயிர்? எத்தனை நாள்? அடியுரம் என்ன?

வேப்பமரத்தான்: விதைக்குப் பூஞ்சாணக்கொல்லி போட்டீர்களா? போட்ட 24 மணி நேரம் கழித்துத்தான் ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் கலந்தால் பாக்டீரியா செத்துப்போகும். எனக்கு அதுதான் சந்தேகம்.

செம்மண்காடு: நிலக்கடலை. 35 நாள். மருந்து போடவில்லை.

பேரேடு: அடிப்படை தெரியாமல் யூரியா மூட்டையைத் தூக்காதீர்கள். வேர் ஃபிளேவனாய்டு என்ற வேதிப்பொருளைக் கசியவிடும், பாக்டீரியா பதிலுக்கு ‘நாட்’ காரணி என்ற சமிக்ஞைப் பொருளைச் சுரக்கும். வேர்த்தூவி (வேரின் மெல்லிய முடி) சுருண்டு பாக்டீரியாவை உள்ளே வாங்கும். யூரியாவில் தழைச்சத்து கையில் கிடைத்தால் செடி இந்த வேலையைக் குறைத்துக்கொள்ளும். இங்கே பலமுறை எழுதியாயிற்று, தேடிப் படிக்கலாம்.

நுண்ணோக்கி: நீங்கள் சொல்வது சோயா, பட்டாணிக்குச் சரி. கடலையில் வேர்த்தூவி வழியாக நுழைவதில்லை. பக்கவேர் கிளம்பும்போது விடுகிற வெடிப்பில் புகும். அதனால்தான் முடிச்சு பக்கவேரின் கக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

பேரேடு: வழி எதுவானால் என்ன, வேதிப்பேச்சு ஒன்றுதான்.

நுண்ணோக்கி: எங்கே தேடுவது என்பதே வழியைப் பொறுத்துத்தானே? ஆணிவேரை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்றால் எப்படி?

வேப்பமரத்தான்: என் நெல்லுக்கு அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா உரம் போட்டேன், முடிச்சே வரவில்லை. அதுவும் இப்படித்தானா?

நுண்ணோக்கி: அது முடிச்சு போடாது, வேரை ஒட்டியே வாழும். தனி இழை போடுங்கள்.

மேட்டுவயல்: செம்மண்காடு, கையால் இழுத்தால் பக்கவேர் அறுந்து முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும். மண்வெட்டியால் மண்கட்டியோடு எடுத்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இரத்தச் சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது, வெள்ளை என்றால் இன்னும் இல்லை, பச்சை என்றால் முடிந்துபோனது. வேரே உப்பியிருந்து, தேய்த்தும் உதிரவில்லை என்றால் அது நூற்புழு (வேரைத் தாக்கும் நுண்புழு) உண்டாக்கிய வீக்கம். மஞ்சள் அடி இலையிலா, கொழுந்திலா?

செம்மண்காடு: அலசினேன். பக்கவேரில் நிறைய இருக்கிறது, உள்ளே சிவப்பு. மஞ்சள் கொழுந்தில்தான், நரம்பு மட்டும் பச்சை.

மேட்டுவயல்: அப்போது தழைச்சத்துக் குறை இல்லை (அது அடி இலையில்தான் தொடங்கும்), இரும்புச்சத்துக் குறை. யூரியா வேண்டாம். அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள். மண்ணில் சுண்ணாம்பு அதிகமா என்றும் பரிசோதியுங்கள்.

செம்மண்காடு: சரி. நன்றி அண்ணே.