குளிரில் ஷிங்கிள் போடலாமா? வடக்குப் பக்கக் கூரை ஒழுகுகிறது, உதவி தேவை

ஸ்காபுரோவாசி:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுடையது ரொறன்ரோவின் ஸ்காபுரோவில் ஒரு பழைய பங்களோ வீடு. நவம்பர் கடைசியில் அடித்த காற்றில் வடக்குப் பக்கக் கூரையில் ஓடு மாதிரி அடுக்கியிருக்கும் தார் ஷிங்கிள்கள் பிய்ந்து போய்விட்டன. கீழே நின்று பார்த்தாலே இரண்டு மூன்று இடங்களில் அடியில் உள்ள கறுப்புத் தாள் தெரிகிறது. உள்ளே சின்ன அறையின் சீலிங்கில் மஞ்சள் கறை. நேற்றைய மழைக்குப் பிறகு அது இன்னும் பெரிதாகிவிட்டது. கூரை எப்படியும் வயதான கூரைதான், பீலி நிறைய உதிர்ந்த துகள்கள் கிடக்கின்றன.

கூரை வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "முழுவதையும் இப்பவே மாற்றிவிடலாம், அடுத்த வாரம் ஆட்கள் இருக்கிறார்கள். குளிர் ஒரு பிரச்சினையே இல்லை, கோடை வந்தால் தானே ஒட்டிக்கொள்ளும்" என்கிறார். அடுத்த வாரம் பகலில் 2 டிகிரி, இரவில் மைனஸ் 5 என்று காட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரரோ மே மாதம் வரை கூரையைத் தொடவே கூடாது என்கிறார். கறை விழுந்த அறையில்தான் அம்மா படுக்கிறார், அதனால் சும்மா காத்திருக்கவும் மனம் வரவில்லை. இந்தக் குளிரில் ஷிங்கிள் போட்டால் உண்மையில் என்ன கெடும்? யாருடைய பேச்சைக் கேட்பது?

பிராம்ப்டன் கூரைவேலை:

தம்பி, கனடாவில் குளிர்காலம் முழுக்கக் கூரை வேலை நடக்கிறது, நானும் செய்கிறேன். ஆகவே தொடவே கூடாது என்பது சரியில்லை. ஆனால் "தானே ஒட்டிக்கொள்ளும்" என்பதை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

ஷிங்கிளை ஆணி மட்டும் பிடித்து வைப்பதில்லை. ஆணி அடிப்பது ஷிங்கிளின் மேல்பகுதியில். கீழ் விளிம்பைக் காற்று தூக்காமல் பிடித்திருப்பது ஷிங்கிளிலேயே வரும் தார்ப் பசைப்பட்டை. வெயிலில் கூரை சூடேறும்போது அந்தப் பட்டை இளகி, மேலே உள்ள ஷிங்கிளையும் கீழே உள்ளதையும் ஒன்றாக்கிவிடும். குளிரில் அது இளகவே இளகாது. டிசம்பரில் போட்ட கூரையில் எல்லா ஷிங்கிளும் அழகாக வரிசையாகத் தெரியும், ஆனால் கீழ் விளிம்பு ஒவ்வொன்றும் விட்டபடிதான் கிடக்கும். காற்று அடிக்கும் போதெல்லாம் அது தூக்கி மடங்கும். குளிரில் விறைத்த ஷிங்கிள் அப்பளம் மாதிரி, மடங்கிய இடத்திலேயே விரிசல் விட்டுவிடும்.

இன்னொன்றைப் பலர் சொல்வதில்லை. மாதக்கணக்கில் திறந்து கிடக்கும் பசைப்பட்டையில் தூசியும் துகளும் படிந்துவிடும். அப்படிப் படிந்தால் கோடை வந்தாலும் முழுதாக ஒட்டாது. அதுவும் உங்களுடையது வடக்குப் பக்கம். தெற்குப் பக்கம் வெயிலில் ஒட்டின பிறகும் வடக்கு நிழலில் பல வாரம் அப்படியே கிடக்கும்.

பல உற்பத்தியாளர்கள் ஏறக்குறைய 4, 5 டிகிரிக்குக் கீழே போனால் கையால் பசை வைத்து ஒட்டச் சொல்கிறார்கள். உங்களுடைய ஷிங்கிளுக்கு என்ன கணக்கு என்பது அது வரும் கட்டின் உறையிலேயே அச்சடித்திருக்கும். வந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒவ்வொரு ஷிங்கிளையும் கையால் ஒட்டித் தருவீர்களா, அதைக் கொன்ராக்டில் எழுதுவீர்களா?

ஸ்காபுரோவாசி:

நன்றி அண்ணா. கேட்டேன். "அதெல்லாம் தேவையில்லை, நேரம் இரண்டு மடங்காகும்" என்கிறார். கையால் ஒட்டுவது என்றால் எப்படி? எனக்குத் தெரிந்தால்தானே சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்கலாம்.

பிராம்ப்டன் கூரைவேலை:

பசை என்பது கூரைக்கான தார்ப் பசை. டப்பாவில் ஏஎஸ்டிஎம் டி4586 என்று போட்டிருந்தால் சரி, அது அஸ்பெஸ்டாஸ் கலக்காத தார்ப் பசைக்கான தரம். துப்பாக்கியில் போட்டு அழுத்தும் குழாயாக வாங்கினால் வேலை சுலபம். 25 சதக் குற்றி அளவுக்கு ஒரு பொட்டு, அவ்வளவுதான். இப்போது பெரும்பாலும் போடும் இரட்டை அடுக்கு ஷிங்கிளுக்கு, மேல் ஷிங்கிளின் கீழ் விளிம்பிலிருந்து ஓரிரண்டு அங்குலம் உள்ளே தள்ளி, சம இடைவெளியில் நாலு பொட்டு. பழைய மூன்று மடல் ஷிங்கிள் என்றால் ஒவ்வொரு மடலின் கீழும் இரண்டு. வைத்தவுடன் கையால் அழுத்த வேண்டும்.

நிறைய வைத்தால் நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்து அள்ளிப் பூசுகிறவர்களும் உண்டு. பசையில் உள்ள கரைப்பான் ஷிங்கிளின் தாரையே இளக்கிக் கொப்புளம் போட வைக்கும். பொட்டு பொட்டாகத்தான் வைக்க வேண்டும்.

பசைக் குழாயும் ஷிங்கிள் கட்டும் வீட்டுச் சூட்டில் இருக்க வேண்டும். இரவு முழுக்க டிரைவ்வேயில் கிடந்த கட்டை அப்படியே மேலே ஏற்றினால், பிரிக்கும்போதே மூலை உடையும். சூடான கராஜில் அடுக்கி வைத்து, உடனே பாவிக்கும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். முகட்டில் வளைத்துப் போடும் துண்டுகளில் இதை இன்னும் கவனிக்க வேண்டும், முதலில் உடைவது அவைதான். கேஸ் டோர்ச்சை எடுத்துச் சூடாக்குகிறேன் என்று யாராவது சொன்னால் ஏணியிலிருந்து இறக்கி விடுங்கள். ஷிங்கிளுக்குக் கீழே இருப்பது காய்ந்த மரப் பலகை, தீப்பிடித்துவிடும்.

எட்மன்டன் குளிர்:

நாங்கள் மைனஸ் 10இல் முழுக் கூரையும் போட்டோம். இன்றுவரை ஒன்றும் பறக்கவில்லை. ஆனால் அண்ணா சொன்னது போல எல்லாவற்றையும் கையால் ஒட்டினார்கள், ஆணியையும் சுத்தியலால்தான் அடித்தார்கள். குளிரில் நெயில் கன்னை, அதாவது காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் கருவியை, நம்ப முடியாது. அழுத்தம் கொஞ்சம் கூடினால் ஆணித் தலை விறைத்த ஷிங்கிளை வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும், குறைந்தால் தலை வெளியே துருத்திக்கொண்டு மேல் ஷிங்கிளை உட்காரவிடாது. கன் பாவித்தால் அடிக்கடி அழுத்தத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். காலையில் பலகையில் உறைபனி இருந்தால் அது போய்ப் பலகை காயும் வரை தொடங்கக் கூடாது. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் பலகையும் தாளும் உப்பி, மேலே ஷிங்கிள் அலை அலையாகத் தெரியும்.

ஒட்டாவா அக்கா:

நான் வீடுகளைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். தம்பி, கூரையைப் பற்றி முடிவெடுக்க முன் ஒரு டோர்ச் லைட்டோடு அற்றிக்கில், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் இடையில் உள்ள வெளியில், ஏறிப் பாருங்கள். குளிர்காலத்தில் சீலிங் கறை என்று வரும் எல்லாமே ஒழுகல் இல்லை.

பலகையின் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி முனைகளில் வெள்ளையாக உறைபனி பிடித்திருக்கிறதா? இருந்தால் வீட்டுக்குள்ளிருந்து ஈரக் காற்று மேலே ஏறுகிறது. வெயில் வந்ததும் அந்த உறைபனி உருகி, வீட்டுச் சூடு போகாமல் சீலிங் மேல் போட்டிருக்கும் இன்சுலேஷனில் சொட்டும், கறை போடும். அதற்கு எத்தனை ஷிங்கிள் மாற்றினாலும் தீராது. குளியலறை ஃபேனின் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். கூரைக்கு வெளியே போகாமல் அற்றிக்கிலேயே கழன்று கிடப்பதைப் பழைய வீடுகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு மழைக்குப் பிறகு கறை பெரிதானதால் ஒழுகலும் நிச்சயம் இருக்கும் போலத்தான் தெரிகிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஒழுகும் இடத்தில் பலகை ஒரு பக்கமாகக் கறுத்து, தண்ணீர் ஓடிய கோடு தெரியும். கறைக்கு நேர் மேலே மட்டும் தேடாதீர்கள், தண்ணீர் மரத்தின் வழியே சரிந்து வேறு இடத்தில் இறங்கும்.

முழுக் கூரை மாற்றும்போது ஓரத்தில் ஐஸ் தடுப்புத் தாள் போடுவார்கள்தானே, அதுவும் பசைத் தாள். குளிரில் அதுவும் ஒழுங்காக ஒட்டாது, பலகையில் பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசித்தான் பிடிக்க வைக்க வேண்டும். கட்டட விதிப்படி அது கூரை ஓரத்திலிருந்து குறைந்தது 900 மில்லிமீட்டர் மேலே ஏறி, வெளிச் சுவரின் உட்பக்கத்தைத் தாண்டி 300 மில்லிமீட்டர் வரை போக வேண்டும். பனி உருகி ஓரத்தில் ஐஸ் கட்டி, தண்ணீர் பின்னால் ஏறும்போது காப்பாற்றுவது அந்தத் தாள்தான். அவசர வேலையில் அதையும் அரைகுறையாக ஒட்டிவிட்டுப் போனால் வெளியே தெரியாது.

ஸ்காபுரோவாசி:

அக்கா, ஏறிப் பார்த்தேன். இரண்டுமேதான்! ஷிங்கிள் போன இடத்துக்குக் கீழே பலகையில் ஈரக் கோடு இருக்கிறது. குளியலறை ஃபேன் குழாயும் கழன்று இன்சுலேஷன் மேல் கிடக்கிறது, அதைச் சுற்றி ஆணி முனைகளெல்லாம் வெள்ளை. சொஃபிட் பக்கம், அதாவது கூரை ஓரத்தின் அடிப்பக்கம், காற்று வரும் வழியை இன்சுலேஷன் அடைத்துக்கொண்டிருக்கிறது. பலகையை அழுத்திப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருக்கிறது, உளுக்கவில்லை.

இப்போது முழுவதையும் மாற்றாமல் அந்த இடங்களை மட்டும் சரிசெய்து மே மாதம் வரை ஓட்டலாமா?

பிராம்ப்டன் கூரைவேலை:

பலகை கெட்டியாக இருந்தால் நான் அதைத்தான் செய்வேன். வெயில் உள்ள ஒரு மத்தியானம் பார்த்து, பறந்த இடங்களுக்கு மட்டும் வீட்டுச் சூட்டில் வைத்த ஷிங்கிள் போட்டு, ஒவ்வொன்றையும் பொட்டு வைத்து ஒட்டச் சொல்லுங்கள். சுற்றியிருக்கும் பழைய ஷிங்கிள்களையும் விரலால் மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும். விட்டிருப்பதற்கெல்லாம் பசை. பழையதைத் தூக்கும்போது அவசரப்பட்டால் முறியும், அகலமான தட்டைக் கம்பியை உள்ளே விட்டு மெல்ல நெம்ப வேண்டும். அதுவரை மழை வந்தால் தறப்பாள் போடலாம், ஆனால் முகட்டைத் தாண்டி மறுபக்கம் வரை இழுத்து, ஓரத்தை மரச்சட்டத்தில் சுற்றி அடிக்க வேண்டும். முகட்டுக்குக் கீழே நிறுத்தினால் தண்ணீர் அதன் அடியிலேயே போகும்.

நீங்கள் மேலே ஏற வேண்டாம், தம்பி. குளிரில் கூரை எங்கே வழுக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஒன்ராறியோவில் கட்டட வேலையில் உயரத்தில் ஏறுகிறவர்களுக்கு 2015 முதல் பயிற்சி கட்டாயம். வருகிறவரிடம் அந்தச் சான்றிதழையும் வேலை விபத்துக் காப்புறுதியையும் கேளுங்கள். கேட்டால் கோபிக்கிறவர் வேண்டாம்.

ஒட்டாவா அக்கா:

ஃபேன் குழாயை இந்த வாரமே மாட்டிவிடுங்கள். இன்சுலேஷன் சுற்றிய குழாயாகப் போட்டு, வெளியே போகும் வாயில் இறுக்கிக் கட்டுங்கள். அதற்குக் காலநிலை பார்க்கத் தேவையில்லை. சொஃபிட் பக்கம் இன்சுலேஷனைப் பின்னால் தள்ளி, காற்றுக்கு வழிவிடும் தட்டுகளைச் செருகுங்கள். சாதாரணச் சரிவுள்ள கூரைக்குக் காற்றுத் துவாரங்களின் மொத்தப் பரப்பு, இன்சுலேஷன் போட்ட சீலிங் பரப்பில் 300இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 1,200 சதுர அடி வீட்டுக்கு 4 சதுர அடி. மே மாதம் கூரை போடுகிறவரிடம் இந்தக் கணக்கைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஸ்காபுரோவாசி:

வேறொருவர் வந்து வடக்குப் பக்கத்தைச் சரிசெய்துவிட்டார். ஷிங்கிள்களைத் தன் வான் வண்டிக்குள் ஹீட்டர் போட்டு வைத்துக் கொண்டுவந்தார். பொட்டு வைப்பதை ஏணியடியில் நின்று பார்த்தேன், நாலு நாலாகத்தான் வைத்தார். ஃபேன் குழாயையும் மாட்டியாயிற்று. அதற்குப் பிறகு ஒரு மழை பெய்தது, கறை வளரவில்லை. இரண்டு பேருக்கும் மிகவும் நன்றி. அம்மாவும் சொல்லச் சொன்னார். ஏப்ரலில் நான் என்ன பார்க்க வேண்டும்?

பிராம்ப்டன் கூரைவேலை:

சந்தோஷம் தம்பி. ஏப்ரல் கடைசியில், பகலில் 10, 12 டிகிரி வரும்போது அவரையே கூப்பிட்டு ஒட்டின ஷிங்கிள்களின் விளிம்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விட்டிருந்தால் அங்கே புதிதாகப் பொட்டு வைக்கட்டும். முழுக் கூரைக்கு மதிப்பீடு பெப்ரவரியிலேயே இரண்டு மூன்று பேரிடம் எடுத்துவிடுங்கள், மே வந்தால் நல்ல ஆட்கள் கிடைக்கமாட்டார்கள்.