மறு: பைலிங்குவல் எடிஷனுக்கு "இருமொழிப் பதிப்பு" போதுமா?

> ரெண்டு மொழி இருக்கு, இருமொழிப் பதிப்புன்னு போட்டுட்டு போகலாமே, இதுக்கு எதுக்கு இவ்ளோ இழுவை?

ஐயா, போடலாம்தான். ஆனா இந்தச் சொற்கள் வேண்டியிருக்கற கட்டுரையே மறுமலர்ச்சிக் காலத்துல இத்தாலிக்காரங்க எப்படி கிரேக்கம் கத்துக்கிட்டாங்கன்னு சொல்றது, அதுல லத்தீன் பக்கத்துல எந்த இடத்துல உக்காந்திருக்குங்கறதுதானே விஷயம். 1397-ல கான்ஸ்டான்டினோபிள்ல இருந்து மானுவேல் கிறிசோலோராஸ்ங்கற கிரேக்க அறிஞர் ஃபிளாரன்ஸுக்கு வந்து பாடம் நடத்தினப்போ அங்க அச்சுப் புத்தகமே கிடையாது, எல்லாம் கையெழுத்துப் படிதான். அந்த மாதிரி படிகள்ல கிரேக்கச் சொல்லுக்கு மேலயே லத்தீன் அர்த்தத்தை பொடி எழுத்துல எழுதி வச்சுக்குவாங்க. இதை நான் "வரியிடைப் பெயர்ப்பு"ன்னு சொல்றேன். பதவுரைன்னு ஒருத்தர் சொன்னாரு, நல்ல சொல்தான், ஆனா பதவுரை பாட்டுக்குக் கீழ தனியா வரும், வரிக்கு நடுவுல வராது.

அம்புரோஜியோ டிராவெர்சாரி கதை இன்னும் சுவாரஸ்யம். பைபிள்ல வர்ற சங்கீதங்கள் லத்தீன்ல அந்தத் துறவிக்கு தண்ணி பட்ட பாடு, கிரேக்க சங்கீதப் புத்தகத்தை எடுத்து அதோட ஒப்பிட்டு ஒப்பிட்டே மொழியைப் பிடிச்சுட்டாரு. மொழிபெயர்ப்பு தலைக்குள்ளயே இருந்திருக்கு, அதுக்கு நாம பேர் வைக்க வேண்டாம்!

அச்சு வந்த பிறகுதான் சிக்கலே. கான்ஸ்டன்டைன் லாஸ்காரிஸோட கிரேக்க இலக்கணம் 1476-ல மிலான்ல வந்துச்சு, இலக்கணம் முழுக்க கிரேக்கத்துலயே, புதுசா படிக்க வர்றவன் அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்? 1495-ல வெனிஸ்ல ஆல்டுஸ் மனூசியஸ்ங்கற அச்சகக்காரர் அதையே எதிர்ப்பக்கத்துல லத்தீனோட சேத்துப் போட்டாரு. இந்த ஜோடிக்கு "எதிர்ப்பக்கப் பதிப்பு" சரியா வரும். ஆனா மனுஷன் அதோட விடல, சில புத்தகங்கள்ல லத்தீனை தனித் தாள்கள்லயே அடிச்சுட்டாரு, வேணும்ங்கறவங்க கிரேக்கத் தாளுக்கு நடுவுல வச்சு பைண்டு பண்ணிக்கலாம், கிரேக்கம் தெரிஞ்சவங்க விட்டுடலாம். இதுக்கு "ஊடுதாள்"னு வைக்கலாமா?

—

தம்பி, முதல் ரெண்டுக்கும் என் ஓட்டு. மூணாவது இடிக்குது. ஊடுதாள்னா எப்பவும் நடுவுலயே இருக்கற மாதிரி படுது, இங்க வேண்டாம்னா எடுத்துடலாம்ங்கறதுதானே முக்கியம். "செருகுதாள்"னு வச்சுடுங்க. வினைத்தொகை, ஒற்று மிகுமா மிகாதான்னு இன்னொரு இழை ஓட்ட வேண்டிய அவசியமும் இல்ல.