21.12.2020 குரு–சனி: சனி நின்றது மகரத்திலா, தனுசிலா?

துருவகணிதன்:
நேற்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார்: "21.12.2020, மதியம் 2 மணி, சென்னையில் பிறந்த குழந்தை, மேஷ லக்னம் (மேஷம் முதல் வீடு). பத்தாம் வீடான மகரத்தில் நீச (பலம் குன்றிய) குரு மட்டும்தான். சனி ஒன்பதாம் வீடான தனுசில். சேர்க்கை எங்கே வந்தது?" படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அன்று மாலை அந்த இரண்டும் வானத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. இடைவெளி சுமார் 6 கலை (60 கலை ஒரு பாகை), அதாவது முழுநிலா விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு. லாஹிரி அயனாம்சப்படி (அயனாம்சம் என்பது ராசிகளின் தொடக்கப் புள்ளிக்கான திருத்தம்) இரண்டுமே மகரம் 6 பாகை 20 கலையை ஒட்டி, உத்திராடம் 3-ம் பாதம். ஒன்பதுக்கும் பத்துக்கும் உடையவர்கள் பத்தில். சனி ஆட்சி (சொந்த வீடு), அதனால் குருவுக்கு நீசபங்கம் (நீசக் குறை நீங்கும்). சனி மகரத்தில்தான்.

காஞ்சிவாக்கியம்:
அந்த "ஒருவர்" நான்தான், பெயர் சொல்லியே எழுதலாம். வாக்கியப் பஞ்சாங்கப்படி (பழைய பரம்பரைக் கணக்கு) குருப்பெயர்ச்சி 15.11.2020, சனிப்பெயர்ச்சி 27.12.2020 விடியற்காலை. திருநள்ளாறில் அன்றுதான் நடந்தது. ஆக 21-ம் தேதி குரு மகரம், சனி தனுசு 29 பாகைக்கு மேல். இது பரிவர்த்தனை ஐயா. குரு வீட்டில் சனி, சனி வீட்டில் குரு. ஒன்பது, பத்துக்கு உடையவர்கள் இணையும் தர்மகர்மாதிபதி யோகம் இதிலும் உண்டு, சேர்க்கையைவிட ஒரு படி மேலாகவே உண்டு. உத்திராடம் 1-ம் பாதம் என்பதால் சனி நவாம்சக் கட்டத்திலும் தனுசு, வர்கோத்தமம் (இரண்டு கட்டத்திலும் ஒரே ராசி). சனி தனுசில்தான்.

துருவகணிதன்:
இல்லாத இடத்தில் உட்கார வைத்த கிரகத்துக்கு வர்கோத்தமம் வேறா? சனி மகரத்துக்கு வந்தது 24.01.2020. உங்கள் கணக்கில் பதினோரு மாதம் கழித்து வருகிறார். நாளுக்கு ஆறேழு கலை நகர்கிறவருக்கு ஏறக்குறைய 7 பாகை பிழை! காரணமும் தெரிந்ததுதான். பழைய சுழற்சி எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, பீஜ சம்ஸ்காரம் (வானத்தைப் பார்த்துச் செய்யும் திருத்தம்) செய்யாமல் நூற்றாண்டு நூற்றாண்டாக ஓட்டினால் பிழை சேரத்தான் செய்யும். குருவுக்கு அதே தேதியில் பிழை ஒரு பாகை அளவுதான் (வானில் காணும் நிலையோடு ஒத்துப்போகும் திருக்கணிதத்தில் பெயர்ச்சி நவம்பர் 20). அதனால்தான் குரு மகரத்தில் ஒத்துப்போகிறார், சனி மட்டும் உங்களுக்கு தனுசில் தொங்குகிறார்.

மேஷத்தான்:
ஒரு சந்தேகம். சேர்க்கை என்றால் ஒரே ராசியில் இருந்தால் போதுமா, இத்தனை பாகைக்குள் என்று எல்லை உண்டா? அதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பேசலாமே.

காஞ்சிவாக்கியம்:
கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல வானவியல்காரர்கள் இருக்கிறார்கள். பலன் சொல்வது பரம்பரைக் கணக்கு. கோயிலில் எந்தப் பஞ்சாங்கம்? 29.03.2025 அன்று சனி மீனத்துக்குப் போகிறார் என்று நீங்களெல்லாம் முழங்கினீர்கள். வாக்கியப்படி இப்போது பெயர்ச்சி இல்லை என்று திருநள்ளாறில் அறிவித்தார்களா இல்லையா?

துருவகணிதன்:
கோயில் வழிபாட்டுக்கு எந்தப் பஞ்சாங்கம் என்பது அவர்கள் மரபு, அதில் நான் தலையிடவில்லை. ஜாதகக் கட்டம் வேறு. கிரகண நேரத்தை மட்டும் திருக்கணிதத்திலிருந்து எடுத்துப் போடுகிறீர்களே, அது ஏன்? ஊரே பார்க்கும் என்பதால். 21.12.2020 அன்றும் ஊரே பார்த்தது. சனி மகரத்தில்.

நெல்லைக்கட்டம்:
எல்லாம் அயனாம்சக் குழப்பம். ராமன் அயனாம்சம் போட்டுப் பாருங்கள்.

துருவகணிதன்:
போட்டால் ஒன்றரை பாகை போல இரண்டும் சேர்ந்தே நகரும், மகரம் 7 பாகை 48 கலைக்கு வரும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை எந்த அயனாம்சமும் மாற்றாது. போன மாதம் வக்ர (பின்னோக்கி நகரும்) புதனுக்கும் அஸ்தங்கம் (சூரியனை நெருங்கி மறைவது) 14 பாகை என்று நின்றவர்தானே நீங்கள்? வக்ரத்தில் 12 என்று சூரிய சித்தாந்தத்திலேயே இருக்கிறது.

நெல்லைக்கட்டம்:
அது முடிந்த கதை, அதை ஏன் இழுக்கிறீர்கள்? சரி, ஒரு பாகைக்குள் வந்தால் கிரக யுத்தம். தோற்றது யார் சொல்லுங்கள். சனி வடக்கே, குரு தெற்கே. வடக்கே நிற்பவர் ஜெயம். தோற்ற குருவுக்கு நீசபங்கம் எங்கிருந்து வரும்? ஆழ்ந்த நீசமே மகரம் 5 பாகையில்.

துருவகணிதன்:
வடக்கு ஒன்றைமட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஒளியும் பிம்ப அளவும் பார்க்கச் சொல்லியிருக்கிறது. அன்று குரு சனியைவிடப் பல மடங்கு பிரகாசம். எப்படியானாலும் யுத்தம் நடக்க இரண்டும் பக்கத்தில் நின்றாக வேண்டும். நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், சனி மகரம்.

நெல்லைக்கட்டம்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. யுத்தத்தில் யார் ஜெயித்தது என்றுதான் கேட்டேன்.

காஞ்சிவாக்கியம்:
ஏழரையைப் பார்ப்போம். அந்த நேரம் சந்திரன் கும்பம், பூரட்டாதி. சனி தனுசு என்றால் ராசிக்குப் பதினொன்று. ஏழரை இல்லாமல் பிறந்த குழந்தை. உங்கள் கணக்கில் ராசிக்குப் பன்னிரண்டு, பிறக்கும்போதே ஏழரையின் முதல் பகுதியான விரயச் சனி. பெற்றவர்களைப் பயமுறுத்திப் பரிகாரம் எழுதிக் கொடுக்க வசதியாக இருக்கும்.

துருவகணிதன்:
பரிகாரம் பற்றி நான் ஒரு வரி எழுதினேனா? பேச்சை மாற்றாதீர்கள். பூரட்டாதி என்பதால் குரு தசை இருப்பு ஐந்தரை வருஷம் சொச்சம், அடுத்து சனி தசை 19 வருஷம். அந்த 19 வருஷத்துக்கும் சனி பத்தில் ஆட்சியா, ஒன்பதில் குரு வீட்டிலா என்பதை வைத்துத்தான் தொழிலும் படிப்பும் சொல்ல வேண்டும். அதனால்தான் இதை விடாமல் கேட்கிறேன். மகரம்.

மேஷத்தான்:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

காஞ்சிவாக்கியம்:
பரிவர்த்தனையான கிரகம் சொந்த வீட்டில் இருப்பதுபோலவே பலன் தரும். எனவே பத்தாம் வீட்டுப் பலத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சனி தனுசில்.

துருவகணிதன்:
ஆட்சிப் பலன் மட்டும் வேண்டும், மகரம் வேண்டாமா? 6 கலைக்குள் நின்ற இரண்டில் ஒன்றை மட்டும் முந்தைய ராசிக்குத் தள்ளும் கணக்கை ஒரே ஒரு முறை படிப்படியாக எழுதிக் காட்டுங்கள். மத்திமம் (சராசரி நிலை), அதற்கான திருத்தங்களான மந்தபலம், சீக்கிரபலம், ஒவ்வொன்றாக. பிறகு பேசுவோம்.

காஞ்சிவாக்கியம்:
கேட்கும் முறையில் கேட்டால் எழுதிக் காட்டலாம். இந்தத் தொனிக்கு மாட்டேன். சனி தனுசில்தான்.