பியானோவில் தனக்கென ஒரு பாணி எப்படி வரும்?

வணக்கம். கோத்தகிரியில் இருக்கிறோம். மகள் எட்டாம் கிரேடு பியானோ தேர்வை (கிரேடுகளில் கடைசி) முடித்துவிட்டாள். ஒரு சுரம் தப்பாது. ஆனால் வாசிப்பது யார் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தெரியாது. அவளுக்கே அந்தக் குறை உண்டு.

இசையமைப்பாளர் ஷோபினின் நாக்டர்னில் (இரவின் சாயலில் அமைந்த அமைதியான பியானோ இசை) இடது கை சீராகப் போக, வலது கை ஒரு இழை பின்தங்கி வர வேண்டிய இடங்கள் உண்டே, அங்கெல்லாம் டீச்சர் பென்சிலில் குறித்த இடத்தில் மட்டும்தான் நிதானிக்கிறாள். பியானோ கலைஞர் கிளென் கூல்டைப் பாருங்கள்: இசையமைப்பாளர் பாக்கின் (Bach) கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் என்ற படைப்பு, 1955 பதிவில் தொடக்க ஏரியா (aria, முதலில் வரும் மெட்டு) 2 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், 1981 பதிவில் 3 நிமிடம் தாண்டும். அதே ஆள், அதே சுரங்கள்! (கூடவே முனகுவார், அது நமக்கு வேண்டாம்.)

ஒரு புதுப் பாடத்தை எடுத்ததும் நாலு பேருடைய பதிவுகளைக் கேட்கச் சொல்வதா, இல்லை முதலில் தானாக வாசித்துப் பார்க்கட்டும் என்று விடுவதா? பெடல், எந்த விரலின் சுரம் தூக்கலாகக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் அவளே முடிவு செய்யப் பழக்குவது எப்படி? அப்புறம், குன்னூர், ஊட்டிப் பக்கம் நேரில் கேட்டுக் கருத்துச் சொல்லக்கூடியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன். யூடியூப் இணைப்புகள் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நிறைய இருக்கிறது.