கமரா சார்ஜரின் லைற் வேகமாக மின்னுகிறது, சார்ஜ் ஏறவில்லை. பழுது சார்ஜரிலா, பற்றரியிலா?

குளக்கட்டு:

எல்லோருக்கும் வணக்கம். நான் புதுக்குடியிருப்புப் பக்கம், கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று படம் எடுக்கிறவன். கமரா நிக்கோன் டி5300, சார்ஜர் அதனோடு வந்த எம்எச்-24. பற்றரி இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று கமராவோடு வந்த இஎன்-இஎல்14ஏ, மற்றது பிறகு வாங்கிய டூப்ளிக்கேற்.

போன கிழமை ஒரு கோயிலில் இரவுத் திருவிழா எடுக்கப் போனேன். அங்கே ஜெனரேற்றர் கரண்ட்தான். ஒலிபெருக்கிக்குப் போட்டிருந்த எக்ஸ்ரென்ஷன் பெட்டியில் ஒரு இடம் கேட்டு வாங்கிச் சார்ஜரைச் செருகிவிட்டு, சுவாமி வெளிவீதி சுற்றி வரும்வரை மற்றப் பற்றரியில் படம் எடுத்தேன். திரும்பி வந்து பார்த்தால் சார்ஜ் ஏறவில்லை. அன்றிலிருந்து இதே கரைச்சல்தான். டூப்ளிக்கேற்றைப் போட்டால் லைற் படபடவென்று மின்னுகிறது. ஒறிஜினலைப் போட்டால் கொஞ்ச நேரம் ஒழுங்காக மின்னும், பிறகு அணையும், பிறகு தானாகவே வரும். இரண்டு பற்றரியும் ஒரே நாளில் பழுதாகுமா? அதனால் சார்ஜர்தான் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை ஒரு கலியாணம் இருக்கிறது. பொம்பிளையின் தாயிடம் தன்னுடைய கலியாணப் படம் ஒன்றுகூட இல்லை. 2009இல் மாத்தளன் பக்கம் ஓடும்போது அல்பம் வைத்திருந்த பெட்டியை விட்டுவிட்டு வந்தவர். முற்காசு தரும்போதே, "தம்பி, தாலி கட்டுற படம் மட்டும் தவறக் கூடாது" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார். பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்குப் போய்ப் புதுச் சார்ஜர் வாங்கத் தயார்தான், ஆனால் வாங்கி வந்த பிறகு பழுது பற்றரியில் என்று தெரிந்தால் காசும் போய் நாளும் போய்விடும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாலைப்பழம்:

தம்பி, முதலில் அந்த லைற் என்ன சொல்கிறது என்று பார்ப்போம், நானும் இதே சார்ஜர்தான் பாவிக்கிறேன். மெதுவாக மின்னினால் சார்ஜ் ஏறுகிறது. மின்னாமல் நிலையாக எரிந்தால் நிறைந்துவிட்டது. வெறுமையான இஎன்-இஎல்14ஏ நிறைய ஏறத்தாழ 1 மணி 50 நிமிடம் எடுக்கும். செக்கனுக்கு எட்டுத் தரம் என்கிற மாதிரித் துடித்தால்தான் பிரச்சினை. ஒன்று சூடு அளவுக்கு மிஞ்சியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பற்றரியில் கோளாறு.

எங்கே வைத்துச் சார்ஜ் போடுகிறீர்கள்? 5 பாகை முதல் 35 பாகை வரையான சூட்டில், வீட்டுக்குள் வைத்துப் போடச் சொல்லித்தான் கமராப் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வைகாசியில் 35 எல்லாம் காலையிலேயே தாண்டிவிடும். நான் இரவு பத்து மணிக்குப் பிறகு சீமெந்து நிலத்தில் வைத்துத்தான் போடுகிறேன். படம் எடுத்து முடிந்த கையோடு சூடாக இருக்கிற பற்றரியையும் உடனே போடாமல் அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள்.

ஏ9 பயணி:

அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. சோலார் பற்றரியிலிருந்து இரண்டு வயர் எடுத்துக் கமராப் பற்றரியின் பிளஸ் மைனஸில் ஐந்து நிமிடம் பிடித்தால் உயிர் வந்துவிடும், பிறகு சார்ஜர் ஏற்றுக்கொள்ளும். போன் பற்றரிக்கு நான் செய்திருக்கிறேன்.

மின்கம்பி:

ஏ9 பயணி அண்ணை, கோபிக்காதீர்கள், அதைச் செய்ய வேண்டாம். குளக்கட்டுத் தம்பி, நீங்கள் கட்டாயம் செய்யவே வேண்டாம். இந்தப் பற்றரிக்குள் லிதியம் செல் இரண்டு தொடராக இருக்கின்றன. ஒன்றுக்கு 4.2 வோல்ற்தான் உச்சம், இரண்டும் சேர்த்து 8.4. அதற்கு மேலே போகாமல் பிடித்து வைப்பதுதான் சார்ஜரின் முழு வேலையும். சோலார் பற்றரி 12 வோல்ற்றுக்கு மேலே கொடுக்கும், கரண்டுக்கும் கட்டுப்பாடு இல்லை. வீங்கி வெடித்த பற்றரி ஒன்று என்னிடம் திருத்த வந்த கமராவுக்குள் ஒட்டிக்கொண்டு இருந்தது, கழற்றி எடுக்கவே முடியவில்லை. அது கையில் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் முள்ளியவளையில் ரேடியோ, ரீவி திருத்துகிறவன், கமராச் சார்ஜரும் இடைக்கிடை வரும். நீங்கள் எழுதியதில் எனக்குப் பிடிபட்டது ஒன்று: இரண்டு பற்றரியும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. ஒன்றுக்கு லைற் துடிக்கிறது, மற்றதற்கு வந்து வந்து போகிறது. சார்ஜர் மட்டும்தான் பழுது என்றால் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே குணத்தைக் காட்டியிருக்கும். ஆகவே இரண்டு வேறு பிழைகள் ஒரே நேரத்தில் இருக்கலாம், அதுதான் உங்களைக் குழப்புகிறது.

பக்கத்தில் யாரிடமாவது மல்ரிமீற்றர் இரவல் வாங்குங்கள். டிசி 20 வோல்ற்றில் வைத்து, பற்றரியில் பிளஸ் மைனஸ் குறி போட்ட தகடுகளில் பிடித்து இரண்டு பற்றரியையும் அளந்து எழுதுங்கள். முனை இரண்டும் ஒன்றோடொன்று முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறைந்தது 8.4 பக்கம் காட்டும், 6க்குக் கிட்ட வந்தால் வெறுமை, அதிலும் நன்றாகக் கீழே இறங்கியிருந்தால் சார்ஜர் அதைப் பழுதான பற்றரி என்று எடுத்துக்கொண்டு ஏற்ற மறுக்கும். பற்றரி போடாமல் சார்ஜரின் தகட்டை மட்டும் அளந்து 8.4 வரவில்லை என்று சார்ஜரைக் குப்பையில் போடாதீர்கள். இந்த வகைச் சார்ஜர் சிலது பற்றரி இருப்பதை உணர்ந்த பிறகுதான் ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கும்.

அடுத்தது, சுவரில் செருகுகிற பக்கம். சார்ஜரின் கால்களையும், அவை சுவர் ஓட்டைக்குப் பொருந்துவதற்காக நீங்கள் மாட்டுகிற அடப்டரையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கருப்பு, பச்சை, உருகிய அடையாளம் எது இருந்தாலும் சொல்லுங்கள். சார்ஜருக்குள் கருகிய மணமோ மீன் நாற்றம் மாதிரியோ வருகிறதா என்று மணந்தும் பாருங்கள். ஆனால் மூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கிற கப்பாசிற்றரில் 300 வோல்ற்றுக்கு மேலே தங்கியிருக்கலாம், அடித்தால் கை உதறும்.

குளக்கட்டு:

நன்றி அண்ணா. பக்கத்து வீட்டு வயரிங் வேலைக்காரரிடம் மீற்றர் வாங்கி அளந்தேன். ஒறிஜினல் 7.3, டூப்ளிக்கேற் 2.9.

அடப்டரைக் கழற்றிப் பார்த்தேன், இதைத்தான் நான் இவ்வளவு நாளும் பார்க்கவில்லை. சார்ஜருடைய தட்டைக் கால் இரண்டில் ஒன்று பளிச்சென்று இருக்கிறது, மற்றதின் நுனியில் மிளகு அளவுக்குக் கருப்பு, விரலால் தேய்த்தால் கரி மாதிரி ஒட்டுகிறது. அடப்டரின் அந்தப் பக்கத்து ஓட்டையின் விளிம்பு பழுப்பாகி, பிளாஸ்ரிக் கொஞ்சம் உள்ளே இழுத்திருக்கிறது. செருகி ஆட்டிப் பார்த்தால் அந்தக் கால் லொடலொடவென்று ஆடுகிறது. மணம் ஒன்றும் இல்லை. வீட்டுக் கரண்ட் பகலில் 228 காட்டியது, இரவு ஏழு மணிக்கு 196.

மின்கம்பி:

கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

196 ஒரு பிரச்சினையே இல்லை. சார்ஜரின் முதுகில் 100 முதல் 240 வரை என்று அச்சடித்திருக்கும், வோல்ற் குறைவதை அது தாங்கும். அதிகமாவதைத்தான் தாங்காது. 230 என்று நாங்கள் சொல்கிற கரண்ட் உள்ளே டிசியாக மாறும்போது ஏறத்தாழ 325 ஆகிறது. ஜெனரேற்றரில் ஒலிபெருக்கியும் லைற்றுகளும் சட்டென்று நின்றால் வோல்ற் துள்ளும், 280க்குப் போனால் உள்ளே 396. இப்படிச் சார்ஜர்களில் வருகிற கப்பாசிற்றர் பெரும்பாலும் 400 வோல்ற்றுக்குத்தான் செய்தது. மயிரிழையில் தப்புகிறது என்று அர்த்தம். உங்கள் சார்ஜரில் மணமும் இல்லை, லைற்றும் வருகிறது, ஆகவே தப்பிவிட்டது. இனிமேல் கோயிலில் போடுவதென்றால் வோல்ற்றைக் கட்டுப்படுத்துகிற ஸ்ரெபிலைசர் ஒன்று இல்லாமல் போடாதீர்கள், அல்லது வீட்டிலேயே நிறைத்துக்கொண்டு போங்கள்.

ஒறிஜினல் பற்றரி நல்லது. அதற்கு லைற் வந்து போவது அடப்டரின் தளர்வால். இந்தச் சார்ஜர் இழுப்பது 0.2 ஆம்பியர்தான், ஆனாலும் கால் ஆடினால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சின்னப் பொறி பறக்கும், பொறி கரியாகும், கரி இன்னும் தொடர்பைக் கெடுக்கும். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் அன்று இரவு முழுக்க அதிர்ந்துகொண்டு இருந்திருக்கும், அந்த இரவில் முற்றாகக் கெட்டிருக்கலாம். கரண்ட் ஒவ்வொரு தரமும் அறுந்து வரும்போது சார்ஜர் முதலிலிருந்து தொடங்கும், அதனால்தான் மணிக்கணக்கில் போட்டும் ஏறவில்லை.

டூப்ளிக்கேற் 2.9 என்றால் செல் ஒன்றுக்கு ஒன்றரை வோல்ற்கூட இல்லை. கனநாள் வெறுமையாகப் பையில் கிடந்ததா? அதை உயிர்ப்பிக்கப் பார்க்க வேண்டாம், இவ்வளவு இறங்கிய லிதியம் செல்லுக்குள் சேதம் நடந்திருக்கும், திரும்ப ஏற்றினால் ஆபத்து. தகடுகளின் மேலே ரேப் ஒட்டித் தனியாக வையுங்கள், குப்பையோடு சேர்த்து எரிக்க மட்டும் வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது: அந்தக் காலின் கரியைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்து எடுங்கள், அரத்தாள் போட்டால் பூச்சுப் போய்விடும். பற்றரியின் தகடுகளையும் சார்ஜரின் தகடுகளையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள், வியர்வைக் கையால் தொட்டுத் தொட்டு அவற்றிலும் படிந்திருக்கும். பழைய அடப்டரை எறிந்துவிட்டு, செருகினால் இறுக்கமாக நிற்கிற புது அடப்டர் ஒன்று ஹாட்வெயர் கடையில் வாங்குங்கள். கடையிலேயே சார்ஜரைக் கொண்டுபோய்ச் செருகி, தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், சார்ஜர் விழக் கூடாது. இரவில் நிலத்தில் வைத்து ஒறிஜினலைப் போடுங்கள், போட்ட பிறகு தொடவோ நகர்த்தவோ வேண்டாம். அப்படித் தொட்டால், அரைகுறையாக ஏறியிருக்கும்போதே நிறைந்தது என்று சார்ஜர் காட்டிவிடுகிற சந்தர்ப்பமும் அருமையாக உண்டு.

ஏ9 பயணி:

நான் எழுதியதை யாரும் செய்ய வேண்டாம், மின்கம்பி சொல்வது சரி. போன் பற்றரியில் தப்பியது என் அதிர்ஷ்டம்தான். என் வீட்டில் மகன் இரண்டு தரம் பார்த்துக்கொண்டு நின்றவன், அவனுக்கும் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

குளக்கட்டு:

அண்ணா, வேலை செய்கிறது! நேற்று இரவு ஒன்பதே முக்காலுக்குப் போட்டேன். புது அடப்டரில் ஆட்டமே இல்லை. லைற் மெதுவாக, ஒரே சீராக மின்னியது, நான் பாயைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே கிடந்தேன். பதினொன்று பத்துக்கு மின்னல் நின்று நிலையாக எரிந்தது. காலையில் மீற்றரில் 8.3. கமராவில் போட்டேன், முழுக்கோடும் காட்டுகிறது.

டூப்ளிக்கேற் மாரி முழுக்கப் பையில் கிடந்ததுதான், நீங்கள் கேட்டது சரி. ரேப் ஒட்டித் தகரப் பேணி ஒன்றில் போட்டு வெளியே வைத்திருக்கிறேன்.

இனி ஒரு பற்றரிதான் கையில். 600 படம் எடுக்கலாம் என்று கமராப் புத்தகத்தில் போட்டிருந்தாலும், பிளாஷும் போட்டு, ஒவ்வொரு படத்தையும் திரையில் பார்த்துக்கொண்டு எடுத்தால் அவ்வளவு வராது. பொம்பிளை அழைப்பிலிருந்து கால்மாறு வரைக்கும் தாங்குமா என்று யோசனையாக இருக்கிறது. இந்தக் கமராவில் யூஎஸ்பி வயரால் சார்ஜ் ஏற்றவும் முடியாது.

பாலைப்பழம்:

என்னிடம் இதே பற்றரி இரண்டு இருக்கிறது, இரண்டும் ஒறிஜினல். வியாழன் பின்னேரம் முல்லைத்தீவுக்கு ஒரு வேலையாக ஏ35 வழியாக வருகிறேன், புதுக்குடியிருப்புச் சந்தியில் நிற்கட்டுமா? நிறைத்துத் தருகிறேன், கலியாணம் முடிந்து ஆறுதலாகத் திருப்பித் தாருங்கள். மண்டபத்தில் ஜெனரேற்றர் போட்டால் அதில் ஒன்றையும் செருகாதீர்கள், அது மட்டும்தான் நான் கேட்பது. நேரத்தைத் தனிமடலில் போடுங்கள்.

குளக்கட்டு:

கட்டாயம் அண்ணா. நான்கு மணிக்குப் பிறகு எப்போதும் வீட்டில்தான், சந்திக்கு வர ஐந்து நிமிடம். மிக்க நன்றி.