செம்பனைச் சாலையோரத்து வெள்ளைப் பூ

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம் போனால் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைத் தோட்டம். மண்சாலையின் இருபுறமும் டர்னெரா செடிகள் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். பானசோனிக் எஃப்.இசட்.300 பிரிட்ஜ் கேமரா (லென்ஸைக் கழற்ற முடியாத, நீள ஜூம் கொண்ட வகை) கைக்கு வந்ததும் நேரே அங்கேதான் போனேன்.

முதல் நாள் போய்ச் சேர மதியமாகிவிட்டது; விரிந்த பூ ஒன்றுகூட இல்லை. காலையில் விரிந்து நண்பகலுக்குள் சுருண்டுகொள்ளும் பூ அது. மறுநாள் எட்டரை மணிக்கே போய் நின்றேன்.

ஜூமை இழுக்காமல் மேக்ரோவில் வைத்தால் இந்தக் கேமரா 1 செ.மீ. கிட்டத்திலும் குவியும். அப்படியே நெருங்கினேன். லென்ஸின் நிழல் பூவை மூடிவிட்டது. சரியென்று பின்வாங்கி, ஜூமை 600 மி.மீ. வரை இழுத்து, ஒரு மீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து எடுத்தேன். சின்ன சென்சாரில் பின்னணி மங்காது என்று நினைத்திருந்தேன், தவறு. பின்னால் நல்ல இடைவெளி உள்ள பூவாகப் பார்த்து எடுத்தால் செம்பனை மட்டைகள் பச்சைப் புகையாகக் கரைந்துவிடுகின்றன. வெள்ளை இதழ்தான் வெயிலில் வெளிறிப்போனது. எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்தேன். இதழில் ஓடும் மெல்லிய கோடுகளும், நடுவிலிருந்த கரும்பழுப்பு வளையமும் அப்போதுதான் தெளிந்தன.

அந்த வழியாக வந்த பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். அந்தத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேற்பார்ப்பவராக, இருந்தவராம்.

"அழகுக்கு நட்டது என்று நினைத்தாயா, தம்பி?"

"வேறு எதற்கு ஐயா?"

"மட்டையை அரிக்கிற புழுவுக்கு எதிரி குளவி. அந்தக் குளவிக்குச் சோறு போடத்தான் இந்தச் செடி."

ஓலைத் துணுக்கால் பை கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே வாழும் புழு அது. சில வகைக் குளவிகள் அதன் மேல் முட்டையிடும். குஞ்சு புழுவையே தின்று வளரும். வளர்ந்த குளவிக்கோ தேன் வேண்டும்.

வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றின் ஓரத்தில், குவியத்துக்கு வெளியே, அரிசியளவில் ஒரு குளவி. அது பூவில் உட்காரவில்லை, இலைக்காம்பில் இருந்தது! அங்கே குண்டூசித் தலைபோல இரண்டு தேன் சுரப்பிகள் உண்டு என்பதை அதன் பிறகே தேடித் தெரிந்துகொண்டேன்.

மூன்று ஞாயிறுகளாக இலைக்காம்பின் மேலேயே குவியத்தை வைத்துக் காத்திருக்கிறேன். எறும்புகள் கிடைத்துவிட்டன, குளவி இன்னும் அகப்படவில்லை.