புதுப்பிப்பு: கன்னியாகுமரி ரயிலில் அம்மாவுக்குப் படுக்கை கிடைத்த கதை

விடுமுறைக்குக் கிளிநொச்சியிலிருந்து தமிழ்நாடு போகிறோம், சென்னை எழும்பூர் – கன்னியாகுமரி டிக்கெட் 'ஆர்ஏசி' (யாராவது ரத்துச் செய்தால் படுக்கை தரும் பதிவு) என்று வந்திருக்கிறது, முழங்கால் வலியுள்ள அம்மாவை ஏற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய்த் திரும்பிவிட்டோம். ஏற்றலாம்.

ஆர்ஏசி டிக்கெட்டில் வண்டி ஏற உரிமை உண்டு. ஆனால் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இருவர் இருக்கையாகப் பகிர வேண்டும். வேறு யாராவது ரத்துச் செய்தால்தான் தனிப் படுக்கை. விழுப்புரம் தாண்டும்வரை அம்மாவும் நானும் முழங்காலோடு முழங்கால் இடிக்க இருந்தோம். பிறகு டிக்கெட் பரிசோதகர் ஒரு படுக்கை ஒதுக்கினார். அதுவும் மேல்படுக்கை! நான் மேலே ஏற, அம்மா கீழே முழுதாகக் கால் நீட்டினார். எதிரே இருந்த நாகர்கோவில் பையனுக்குப் புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) கொடுத்தார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதைக்காகக் கடித்தான்.

ஒரு திருத்தம்: 120 நாட்களுக்கு முன்பே பதியலாம் என்று இங்கே ஒருவர் சொன்னது பழைய கணக்கு. 2024 நவம்பர் முதல் 60 நாட்கள்தான். நடுப்படுக்கையை இரவு 10 முதல் காலை 6 வரை மட்டுமே விரிக்கலாம் என்பதும் விதி. எங்கள் பெட்டியில் ஒன்பதுக்கே விரித்துவிட்டார்கள், அது வேறு கதை.

அம்மாவுக்கு ஒரே குறை. ஊரில், ஏ9 நெடுஞ்சாலையோரம் உள்ள முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கி, வழிப்பயணம் நலமாக அமையத் தேங்காய் உடைக்காமல் அந்த வீதியைக் கடக்காதவர் அவர். இந்த ரயிலிலோ ஏறத்தாழ 740 கிலோமீற்றர், ஒரு தேங்காய்கூட இல்லை. ஊர் வந்த மறுநாளே அங்கே இரண்டு தேங்காயாக உடைத்துக் கணக்கை நேர் செய்துவிட்டார்.